கிளட்சைப் பிடித்தாலும் செல்ஃப் எடுக்கவில்லையா? வீட்டிலேயே பார்க்கலாம்

போன ஐப்பசி மழையில் ஒரு மாலை நேரம். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, நெரிசலில் என் 150 சிசி வண்டி இரண்டாவது கியரில் அணைந்துவிட்டது. பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு செல்ஃப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம்கூட வரவில்லை. ஆனால் ஹாரன் கணீரென்று அடித்தது, மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தன. மேட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பிரேக்கை விடாமல், நியூட்ரலைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பச்சை விளக்கு எரிந்ததும் பட்டனைத் தொட்டேன், உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மறுநாள் தெருமுனை மெக்கானிக்கிடம் சொன்னேன். "பேட்டரி வீக்கா இருக்கும் சார், மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். நான்காம் நாள் அதே கதை, வேறொரு சிக்னலில்.

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு அந்த மேம்பாலத்திலேயே இரண்டு சாட்சி இருந்தன. ஹாரன் முழுச் சத்தத்தில் அடித்தது, நியூட்ரலில் முதல் அழுத்தலிலேயே எஞ்சின் சுழன்றது. கோளாறு கிளட்ச் லீவருக்கு அடியில், சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு ஸ்விட்சில் இருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பழகியவருக்கு இருபது நிமிடம் போதும். வண்டி வேலை எதுவும் இதுவரை செய்ததில்லை என்றாலும் பரவாயில்லை, தைரியமாகத் தொடங்கக்கூடிய வேலை இது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சோதித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

அந்த ஸ்விட்ச் என்னதான் செய்கிறது?

செல்ஃப் மோட்டாரைச் சுழற்றப் பெரிய அளவில் மின்சாரம் தேவை. அது நாம் அழுத்தும் பட்டன் வழியாகப் போவதில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ரிலே இருக்கும். பட்டனை அழுத்தினால் ரிலேவுக்குள் இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) சின்ன மின்சாரம் போகும். அது 'டக்' என்று இழுத்து, பேட்டரியையும் மோட்டாரையும் தடிமனான வயரால் இணைத்துவிடும். அந்தச் சின்ன மின்சாரத்தின் பாதையில்தான் காவல்காரர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்: சாவி, கில் ஸ்விட்ச் (ஹேண்டிலில் எஞ்சினை அணைக்க இருப்பது), செல்ஃப் பட்டன், அப்புறம் நியூட்ரல் ஸ்விட்ச் அல்லது கிளட்ச் ஸ்விட்ச்.

கடைசியில் சொன்ன 'அல்லது' ரொம்ப முக்கியம். வண்டி நியூட்ரலில் இருந்தால் கிளட்ச் பிடித்திருக்கிறீர்களா இல்லையா என்று பெரும்பாலான வண்டிகள் கேட்பதில்லை. நியூட்ரல் ஸ்விட்ச் வழியாகவே பாதை முழுமையாகிவிடும். கியரில் இருந்தால் மட்டும் கிளட்ச் ஸ்விட்ச் "ஆமாம், லீவரைப் பிடித்திருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். சில வண்டிகளில் நியூட்ரலிலும் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பது நன்றாக ஓடிய நாட்களிலேயே உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.

பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு (2020 முதல்) வந்த பல வண்டிகளில் இன்னொரு காவல்காரரும் சேர்ந்திருக்கிறார், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச். ஸ்டாண்ட் கீழே இருந்தால் கியரில் வண்டி எடுக்காது. அந்த ஸ்விட்ச் இருப்பதோ தரைக்குப் பக்கத்தில். சேறு, தண்ணீர், சின்னக் கல் எல்லாம் நேராக அங்கேதான் போய் அடையும். கியரில் செல்ஃப் எடுக்காதபோது இவர் மேலும் அதே அளவு சந்தேகம் இருக்க வேண்டும்.

கருவி எடுக்கும் முன்பே செய்ய வேண்டியது

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடுங்கள். சைடு ஸ்டாண்டை முழுக்க மடக்கிவிடுங்கள். கில் ஸ்விட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால் யாராவது தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இதைப் பார்க்காமல் வண்டியை மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நியூட்ரலில் போட்டு, பச்சை விளக்கு எரிவதை உறுதி செய்துகொண்டு, செல்ஃப் பட்டனை அழுத்துங்கள்.

எஞ்சின் வேகமாகச் சுழன்று ஸ்டார்ட் ஆகிறது என்றால் பேட்டரி, ஃப்யூஸ், பட்டன், ரிலே, மோட்டார் எல்லாமே நல்லபடியாக இருக்கின்றன. ஒரே அழுத்தலில் ஐந்து பேருக்கு விடுதலை. நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் எடுக்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கிளட்ச் ஸ்விட்ச், அதன் வயர், அதை இயக்கும் லீவர், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், இந்த நான்குதான்.

நியூட்ரலிலும் எடுக்காமல், 'டிக்டிக்டிக்' என்று ரிலே படபடத்து, மீட்டர் விளக்குகள் மங்கினால் அது பேட்டரி, இல்லையென்றால் பேட்டரி முனைகளில் லூஸ் கனெக்‌ஷன். முழு சார்ஜில் சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் (மின்சாரத்தை அளக்கும் கருவியில்) 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்ட வேண்டும். செல்ஃப் அழுத்தும் நேரத்தில் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிளட்ச் ஸ்விட்சைக் கழற்றிப் பயனில்லை.

அடுத்தது காதால் செய்யும் சோதனை. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, தெரு அமைதியாக இருக்கும் நேரத்தில் லீவரின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். கால்வாசி இழுப்பதற்குள் 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். விடும்போது இன்னொன்று. பல ஸ்விட்சுகளில் இந்தச் சத்தம் உண்டு, சிலவற்றில் இருக்காது. முன்பு கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இப்போது கேட்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் குமிழ் (லீவர் தொட்டு அழுத்தும் சின்ன முனை) சிக்கியிருக்கிறது.

சத்தம் கேட்டாலும் ஸ்விட்ச் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். என் ஸ்விட்சில் சத்தம் அழகாகவே வந்தது.

மூன்றாவது, ஆட்டிப் பார்ப்பது. மெயின் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையில் படாத நிலையில், முதல் கியரில் போட்டுக் கிளட்சை முழுக்கப் பிடியுங்கள். செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே லீவரை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் செல்ஃப் எடுத்தால் லீவரின் ஆட்டம்தான் காரணமாக இருக்கலாம். ஹேண்டில்பாரை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பியும் பாருங்கள். ஒரு பக்கம் எடுத்து, மறுபக்கம் எடுக்கவில்லை என்றால் ஸ்விட்சில் குற்றமில்லை. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலே இருக்கும் உறை நன்றாகவே தெரியும், உள்ளே செம்புக் கம்பி மட்டும் மடங்கி மடங்கி இற்றுப்போயிருக்கும்.

தேவையானவை

சின்ன ஸ்டார் திருப்புளி, லீவர் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், மூக்குக் குறடு, பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒரு டின், கொஞ்சம் கிரீஸ், ஒரு மல்டிமீட்டர். மீட்டர் மட்டும் கடன் வாங்காதீர்கள், சொந்தமாக வாங்கிவிடுங்கள். எலக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, மிக்ஸி வயர், டார்ச் லைட் என்று அது வருடக்கணக்கில் உழைக்கும்.

திருப்புளி ஸ்க்ரூத் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். மழையில் நனைந்து இறுகிப்போன ஸ்க்ரூவில் சின்ன அளவுத் திருப்புளியை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். அப்புறம் அதைக் கழற்றுவது தனி வேலையாகிவிடும். கழற்றுவதற்கு அரை மணி முன்பே ஸ்க்ரூவின் மேல் துரு நீக்கும் ஸ்ப்ரேயை ஒரு துளி விட்டு வைத்துவிடுவது என் வழக்கம்.

மீட்டர் வைத்துப் பார்க்கும் இடம்

சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

கிளட்ச் லீவரின் கட்டைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஸ்விட்ச் தெரியும். அதிலிருந்து பெரும்பாலும் இரண்டு வயர்கள் கிளம்பும். சில வண்டிகளில் ஸ்விட்சின் அடியிலேயே இரண்டு தகட்டு முனைகள் இருந்து, அவற்றில் வயர் செருகியிருக்கும். மற்றவற்றில் வயர் நீளமாகப் போய் ஹெட்லைட் கூட்டுக்குள் ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியில்) முடியும். கப்ளரின் பூட்டை அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். செருகு முனைகள் என்றால் மூக்குக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.2, 0.3 என்று ஏதோ காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த எதிர்ப்பு, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்விட்சின் இரண்டு முனைகளிலும் வைத்து, லீவரை விட்ட நிலையிலும் பிடித்த நிலையிலும் அளவைப் பாருங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் லீவரை விட்டால் பாதை அறுந்திருக்கும், மீட்டர் 'OL' என்றோ, இடது ஓரத்தில் வெறும் '1' என்றோ காட்டும். பிடித்தால் 1 ஓமுக்குள் காட்டும். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். எது எப்படியானாலும், ஒரு நிலையில் முழுத் தொடர்பு, மறுநிலையில் முழுத் துண்டிப்பு, இரண்டும் தெளிவாக மாற வேண்டும். இரண்டு நிலையிலும் ஒன்றே காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். மூன்று வயர் உள்ள ஸ்விட்ச் என்றால் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்து, லீவரை இழுக்கும்போது எந்த ஜோடி மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் ஏமாறும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. நானும் இதில் அரை நாள் இழந்தேன். மல்டிமீட்டரில் 'பீப்' அடிக்கும் வசதியை வைத்துச் சோதித்தால், லீவரைப் பிடித்ததும் பீப் வரும், ஸ்விட்ச் நல்லது என்று தோன்றும். ஆனால் சாதாரண மீட்டர்கள் 30 ஓம் வரை இருந்தாலும் பீப் அடித்துவிடும். ரிலேவின் காயில் 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். களிம்பு பிடித்த ஸ்விட்ச் 10 ஓம் எதிர்ப்பு கொடுத்தால், 12 வோல்ட்டில் ரிலேவுக்குப் போய்ச் சேருவது மூன்றரை வோல்ட்கூட இல்லை. ரிலே அசையவே அசையாது. மீட்டரோ பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். என் ஸ்விட்ச் 17 ஓம் காட்டியது. அதனால் சத்தத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். ஐந்தாறு முறை லீவரை இழுத்து விட்டு, ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை 0.4, அடுத்த முறை 8, அப்புறம் 2 என்று தாவினால் உள்ளே முனைகள் அரித்துப் போயிருக்கின்றன என்று அர்த்தம்.

மீட்டர் வைத்த இடத்திலிருந்து கையை எடுக்காமல், ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பச் சொல்லி வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கப்ளரிலிருந்து அளக்கும்போது எண் ஆடினால், முன்பு சொன்ன கழுத்து வயர்தான்.

ஸ்விட்ச் மீட்டரில் சுத்தமாகத் தேறிவிட்டால் இங்கேயே நிறுத்துங்கள். கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. சைடு ஸ்டாண்ட் ஸ்விட்சை இதே முறையில் பாருங்கள்.

கழற்றுவது

இரண்டு விதம் உண்டு. ஒன்று, அடியிலிருந்து ஒன்றோ இரண்டோ சின்ன ஸ்க்ரூவில் நிற்கும். ஸ்க்ரூவை எடுத்தால் ஸ்விட்ச் கையோடு வந்துவிடும். மற்றது, லீவர் கட்டையின் துளைக்குள் செருகி, ஒரு பிளாஸ்டிக் நாக்கால் பூட்டியிருக்கும். அடியில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். மெல்லிய திருப்புளியாலோ பழைய ரீஃபில் முனையாலோ அந்த ஓட்டை வழியாக நாக்கை உள்ளே அழுத்திக்கொண்டே ஸ்விட்சை வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் நாக்கு முறிந்துவிடும். முறிந்துவிட்டால் புது ஸ்விட்ச்தான் வாங்க வேண்டும்.

லீவரையும் சேர்த்துக் கழற்றிவிடுவது இன்னும் வசதி. அடியில் நட்டு, மேலே போல்ட்டு. நட்டை எடுத்து, போல்ட்டைத் திருகி எடுத்தால் லீவர் வெளியே வரும். கேபிளின் முனையை லீவரின் பள்ளத்திலிருந்து திருப்பி எடுங்கள். எடுக்க வரவில்லை என்றால் கேபிளின் அட்ஜஸ்டரை உள்ளே திருகித் தளர்வு கொடுங்கள்.

லீவரைக் கையில் எடுத்ததும் போல்ட்டுத் துளையைக் கவனியுங்கள். பல வருடம் கிரீஸ் காணாத வண்டியில் அந்தத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்தால் லீவர் தொங்கும். தொங்கினால் ஸ்விட்சின் குமிழைச் சரியாக அழுத்தாது. ஸ்விட்ச் நல்லதாகவே இருக்கும், லீவர்தான் வேலை செய்யவில்லை. கீழே விழுந்து வளைந்த லீவரும், கடையில் அழகுக்காக வாங்கி மாட்டிய லீவரும் இதே தொல்லையைக் கொடுக்கும். ஸ்விட்சை அழுத்த வேண்டிய சின்ன மூக்கு சில லீவர்களில் அரை மில்லிமீட்டர் குறைவாக வார்த்திருக்கும். ஒரிஜினல் லீவரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வது

முதலில் ஸ்விட்சைத் திறக்காமலே முயலுங்கள். வெளி அழுக்கைப் பிரஷால் எடுத்துவிட்டு, குமிழ் இருக்கும் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, குமிழை இருபது முப்பது முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். கறுப்பாக, சில நேரம் பச்சையாக நீர் வடியும். வடிவது தெளிவாகும் வரை திரும்பச் செய்யுங்கள். பத்து நிமிடம் காய விட்டு மீட்டரில் அளங்கள். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். பெட்ரோல் ஊற்ற வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பர் உறைகளையும் அது கெடுத்துவிடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வழியில் அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, சில மாதங்களில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

அளவு இன்னும் இறங்கவில்லையா? எப்படியும் மாற்றத்தானே போகிறோம், திறந்து பார்த்துவிடலாம். மூடியின் பக்கவாட்டில் இரண்டு மூன்று கொக்கிகள் இருக்கும். ஸ்விட்சை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கைகளையும் உள்ளே விட்டுத் திறங்கள். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். மூடி தளர்ந்ததுமே அது பறந்துவிடும். நான் முதல்முறை திறந்தபோது பறந்த ஸ்பிரிங், மூன்றாம் நாள் வீடு பெருக்கும்போது ஷூ ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து கிடைத்தது.

திறந்ததும் காரணம் கண்ணுக்கே தெரியும். ஒரு சின்னச் செம்புத் தகடு, அது தொட வேண்டிய இரண்டு முனைகள். பூசைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் அடியில் பிடிக்குமே பச்சைக் களிம்பு, அதுவேதான் தகட்டில் மாவு போலப் படிந்திருந்தது. முனைகளில் ஊசி குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு முறையும் தொட்டு விலகும்போது ஏற்படும் சின்னப் பொறி விட்ட தடம் அது. ஸ்விட்சுக்குள் தண்ணீர் நுழைந்தது மழையில் மட்டும் இல்லை என்பது என் கணிப்பு. வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீர் லீவர் கட்டைக்குள் நேராகப் போகிறது. அன்றிலிருந்து, "ஹேண்டில் பக்கம் துணியால துடைச்சா போதும் தம்பி" என்று சொல்லிவிடுகிறேன்.

களிம்பைக் கிளீனர் நனைத்த துணியால் எடுங்கள். போகாத இடத்தில் மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளின் ஒரு சின்னத் துண்டை மடித்து, மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். முனைகளின் மேல் இருக்கும் பூச்சு மெல்லியது, பளபளக்க வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் பூச்சே போய்விடும். குமிழ் ஓடும் பாதையில் சிலிகான் கிரீஸ் ஒரு கடுகளவு வையுங்கள். தொடும் முனைகளில் வைக்க வேண்டாம். தகடு வளைந்திருந்தாலோ, முனை பள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ சுத்தம் செய்து மாட்டுவதில் அர்த்தமில்லை. புதிது வாங்கிவிடுங்கள்.

புதிது வாங்கும்போது

பழைய ஸ்விட்சைக் கையோடு கொண்டு போங்கள். வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்கினால், ஒரே வண்டிக்கு வருடத்துக்கு ஒரு விதமாகக் கப்ளர் மாறியிருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு உதிரி பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தெரிந்த இடங்கள்தான். மற்ற ஊர்களில் கம்பெனி ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுண்டரிலேயே கேளுங்கள். விலை பெரிய விஷயமாக இருக்காது, இந்த ஒரு பொருளில் ஒரிஜினலே வாங்குங்கள். கடையிலேயே மீட்டரைக் கொடுத்து, குமிழை அழுத்தியும் விட்டும் ஒருமுறை அளந்து பார்த்து வாங்குவது என் வழக்கம். பழையது எந்த நிலையில் தொடர்பு கொடுத்ததோ, புதியதும் அதே நிலையில் கொடுக்க வேண்டும். இதில் தலைகீழான ரகத்தை வாங்கிவிட்டால், கியரில் கிளட்ச் பிடிக்காதபோது மட்டும் செல்ஃப் எடுக்கும் வண்டியாகிவிடும்.

வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் வயரை வெட்டி ஒட்டும் வேலை எதையும் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்கள்.

'டைரக்ட்' பண்ணிவிடலாமா?

மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "அந்த ஸ்விட்ச் எதுக்கு சார், ரெண்டு வயரையும் சேர்த்து டைரக்ட் பண்ணிடலாம், தொல்லையே இருக்காது." சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டால், வண்டி எப்போதும் "கிளட்ச் பிடித்திருக்கிறார்" என்றே நம்பிக்கொண்டிருக்கும். செல்ஃப் எந்த நேரமும் எடுக்கும். கியரில் இருக்கும்போதும் எடுக்கும், கிளட்ச் பிடிக்காவிட்டாலும் எடுக்கும்.

எங்கள் குடியிருப்பில் அப்படி டைரக்ட் பண்ணிய ஒரு வண்டி முதல் கியரில் நின்றுகொண்டிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. ஏழாவது படிக்கும் பையன் ஏறி உட்கார்ந்து செல்ஃபை அழுத்தினான். வண்டி ஒரு எம்பு எம்பி, முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் மோதிச் சாய்ந்தது. பையனுக்கு முழங்காலில் நான்கு தையல். தொட்டிக்கும் வண்டிக்கும் இடையில் ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை ஒரு பாட்டி துணி அலசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி ஓடியவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். நடுவழியில் மாட்டிக்கொண்டால் நியூட்ரலில் போட்டு எடுங்கள், கிக்கர் இருந்தால் உதைத்து எடுங்கள். எப்போதும் கிளட்ச் கேட்கும் ரகமாக இருந்து, வேறு வழியே இல்லாமல் வயரைச் சேர்த்து வீடு வந்து சேர்ந்தால், அன்றைக்கே அதைப் பிரித்துவிடுங்கள்.

மாட்டுவதும் சோதிப்பதும்

லீவர் போல்ட்டைத் துடைத்துப் புது கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஸ்விட்சை வைத்த பிறகு லீவரைப் போட்டால் குமிழ் நசுங்காமல் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார வையுங்கள். லீவரைச் சாய்வாகத் திணிக்கும்போது குமிழ் உடைவது சாதாரணமாக நடக்கும். ஸ்க்ரூவைக் கையால் இரண்டு சுற்று ஓட விட்டு, அப்புறம் திருப்புளியால் 'நின்றுவிட்டது' என்று தோன்றும் வரை மட்டும் இறுக்குங்கள். லீவர் கட்டை அலுமினியம், அதன் மரை எளிதில் போய்விடும்.

கேபிளின் தளர்வைச் சரிபாருங்கள். லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். லீவரை விட்டால் குமிழ் அழுந்தும் ரக வண்டியில், தளர்வு மிக அதிகமாக இருந்தாலோ கேபிள் உள்ளே சிக்கி நின்றாலோ, லீவர் முழுக்கத் திரும்பி வந்து குமிழை அழுத்தாமல் போகலாம். அப்போது வண்டி தானாகவே 'டைரக்ட்' பண்ணியது போல ஆகிவிடும்.

பேட்டரியை மாட்டிவிட்டுச் சோதனைக்கு வாருங்கள். மெயின் ஸ்டாண்டில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதல் கியரில் போட்டுக் கிளட்சைப் பிடிக்காமல் செல்ஃபை ஒரு நொடி தொடுங்கள். எதுவும் நடக்கக் கூடாது. இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை, ஸ்விட்ச் இருப்பதே இதற்காகத்தான். அடுத்து கிளட்சை முழுக்கப் பிடித்து அழுத்துங்கள். உடனே எடுக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பி இதையே இன்னும் இருமுறை செய்யுங்கள். பிறகு சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச் உள்ள வண்டியில் ஸ்டாண்டைக் கீழே இறக்கி, கியரில் எடுக்கவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மேடாக இருக்கும் இடத்தில் வேண்டுமென்றே அணைத்து, கியரிலேயே எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, ஸ்விட்ச் ஸ்க்ரூவும் லீவர் நட்டும் தளர்ந்திருக்கின்றனவா என்று இன்னொரு முறை திருப்புளியும் ஸ்பேனரும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.